ஃபாஸ்டெம்: சாவியைக் கொடுக்கப் போன கதை

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த வாரம் பாடம் எதுவும் கிடையாது, டெர்மினலைத் திறந்து வைக்க வேண்டாம். ஒரு பயணத்தைப் பத்திப் பேசப் போறேன். 2025 பிப்ரவரி 1, 2 தேதிகள்ல பிரஸ்ஸல்ஸ் நகரத்துல நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டுக்குப் போயிருந்தேன். "ஃபாஸ்டெம் எப்படி இருந்துச்சு, நாங்களும் போகலாமா"ன்னு உங்கள்ல பல பேர் கேட்டிருந்தீங்க. அதுக்குப் பதில் சொல்றேன். ஆனா நான் போன காரணம் வேற. அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

முதல்ல ஃபாஸ்டெம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஐரோப்பாவுல கட்டற்ற மென்பொருள் எழுதுறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை கூடுற இடம். 2000-ல ராஃபேல் பொடுவேன் என்பவர் ஆரம்பிச்சார். அப்போ பேரு ஓஸ்டெம். அப்புறம் ரிச்சர்ட் ஸ்டால்மன் கேட்டுக்கிட்டதால முன்னாடி ஒரு 'எஃப்' சேர்ந்துச்சு. பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தோட சோல்போஷ் வளாகத்துல நடக்குது. எட்டாயிரம் பேருக்கு மேல வர்றாங்க. நுழைவுக் கட்டணம் இல்லை. அதை விட ஆச்சரியம், பதிவே கிடையாது. கழுத்துல தொங்கவிடற அட்டை இல்லை, பார்கோடு இல்லை, வாசல்ல நின்னு பேரு கேக்கிற ஆளும் இல்லை. கல்யாண மண்டபத்துக்குள்ள போற மாதிரி நேரா உள்ளே போயிடலாம். நீங்க யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வருவேன்.

இப்போ என் விஷயம். நான் கொலோன்ல வேலை பார்க்கிறேன்னு பழைய நேயர்களுக்குத் தெரியும். 2014-ல ஒரு சின்ன நூலகம் எழுதினேன். நாட்காட்டிக் கோப்புகளைப் படிக்கிற நூலகம். மீட்டிங் அழைப்பு மெயில்ல வரும்போது கூடவே டாட் ஐசிஎஸ்னு ஒரு கோப்பு வரும் பாருங்க, அதைத்தான். அப்போ எங்க குழுவுல பாதிப் பேர் சென்னை, பாதிப் பேர் கொலோன். கொலோன்ல காலை பத்து மணின்னா குளிர்காலத்துல சென்னையில மதியம் இரண்டரை. மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பாங்க. உடனே அதே மீட்டிங் சென்னைக்கு ஒன்றரை மணி ஆயிடும். நம்ம ஊர்ல கடிகாரத்தைத் தொடுறதே இல்லையே. நாங்க பயன்படுத்தின மென்பொருள் இதுல வருஷத்துக்கு ரெண்டு தடவை சொதப்பும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வச்சுட்டு ஓடி வந்து மீட்டிங்ல உக்காந்த சென்னை நண்பர்கள் திட்டின திட்டுதான் அந்த நூலகத்துக்கு விதை.

மூணு வார இறுதியில எழுதி முடிச்சேன். அப்படி நினைச்சேன்னு சொல்லணும். இந்தக் கோப்பு வடிவத்துக்கு ஆர்எஃப்சி 5545-னு ஒரு வரையறை இருக்கு, 2009-ல வந்தது. அதுல 'மறுபடி மறுபடி நடக்கும் நிகழ்ச்சி'ங்கிற பகுதியைப் படிச்சுப் பாருங்க. மாசத்தோட கடைசிக்கு முந்தின செவ்வாய், ஆனா டிசம்பர்ல மட்டும் இல்லை, அதுலயும் இந்த மூணு தேதி விலக்கு... இப்படியெல்லாம் எழுத முடியும். எழுதுறாங்க. எழுதிட்டு நம்ம நூலகம் தப்பாக் கணக்குப் போடுதுன்னு நமக்கு எழுதுறாங்க.

பத்து வருஷம் ஆச்சு. எங்கெங்கேயோ பயன்படுத்துறாங்க. பராமரிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். 2023-ல அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். ராத்திரி நேரம், ஐசியூ வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி, கையில போன். ஒருத்தர் எழுதியிருந்தார்: "இந்தப் பிழையைச் சொல்லி ஆறு வாரம் ஆச்சு. பராமரிக்க முடியலைன்னா முடியக் கூடியவங்ககிட்ட கொடுத்துட்டுப் போங்க." நான் அந்த நாற்காலியில உக்காந்தே "மன்னிக்கவும், அடுத்த வாரம் பார்க்கிறேன்"னு பதில் போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அதே வருஷக் கடைசியிலதான் ஒரு புது ஆள் பேட்ச் அனுப்ப ஆரம்பிச்சார். நல்ல பேட்ச். டெஸ்ட் எழுதி, விளக்கம் எழுதி, பொறுமையா வரும். நான் ரெண்டு மாசம் பதில் போடலைன்னாலும் கோபப்பட மாட்டார். 2024 பிப்ரவரியில, "உங்களுக்கு நேரம் இல்லைன்னு தெரியுது, உதவி வேணும்னா நான் பராமரிப்புல சேர்ந்துக்கறேன்"னு எழுதினார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அடுத்த மாசம் அனுமதி கொடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

அடுத்த மாசம் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். மார்ச் 29, 2024. எக்ஸ்இசட்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. எக்ஸ்இசட், லினக்ஸ்ல கோப்புகளைச் சுருக்கப் பயன்படுற நூலகம். லாசே காலின் என்பவர்தான் ரொம்ப வருஷமா அதைப் பார்த்துக்கிட்டிருந்தார். சம்பளம் கிடையாது. ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தர் 2021 வாக்குல உதவிக்கு வந்தார். நல்ல பேட்ச்கள் அனுப்பினார். 2022-ல வேற சில பேர்கள்ல இருந்து "ஏன் இவ்வளவு தாமதம், வேற ஆளைச் சேருங்க"ன்னு அஞ்சல் பட்டியல்ல நெருக்குதல் வந்துச்சு. தனக்கு நீண்ட நாளா மனநலப் பிரச்சினை இருக்கு, சம்பளமில்லாத வேலைங்கிறதையும் நினைவு வச்சுக்கங்கன்னு லாசே அங்கேயே சொல்லியிருந்தார். கடைசியில அந்த ஆளுக்கு அனுமதி கிடைச்சுது. 2024 பிப்ரவரி, மார்ச்ல வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள்ள ஒரு பின்வாசல் உக்காந்திருந்துச்சு. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட்னு ஒரு போஸ்ட்கிரெஸ் நிரலர், தன் கணினியில எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி கூடுதலா எடுக்குதேன்னு சந்தேகப்பட்டு நோண்டினதால மாட்டுச்சு. அரை விநாடி. நானா இருந்தா நெட் ஸ்லோன்னு விட்டிருப்பேன்.

அந்தச் செய்தியைப் படிச்சுட்டு என் ரிப்போவைத் திறந்து பார்த்தேன். பொறுமையான ஆள். நல்ல பேட்ச்கள். முகம் தெரியாது. சோர்ந்து போன பராமரிப்பாளர். "கொடுத்துட்டுப் போங்க"ன்னு அதட்டின இன்னொரு ஆள். எல்லாம் அப்படியே பொருந்துது. கை குளிர்ந்து போச்சு. அனுமதி கொடுக்கலை. ஏன்னு சொல்லவும் இல்லை. பத்து மாசம் இழுத்தடிச்சேன். அந்த ஆள் பேட்ச் அனுப்புறதை நிறுத்தலை, அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டுச்சு! ஜனவரியில ஒரு வரி வந்துச்சு: "நான் ஃபாஸ்டெம் வர்றேன். நீங்க கொலோன்லதானே இருக்கீங்க, பார்க்கலாமா?"

கொலோன்ல இருந்து பிரஸ்ஸல்ஸ் ரயில்ல ரெண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சாக்கு சொல்ல வழியில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில 71-ம் நம்பர் பஸ். ஏறின உடனே தெரிஞ்சுடும் எல்லாரும் எங்கே போறாங்கன்னு. மடிக்கணினி மேல ஸ்டிக்கர், முதுகுப் பை, முகத்துல தூக்கம். குளிர், தூறல். வளாகத்துல கட்டடங்களுக்கு எழுத்துதான் பேரு, ஜே, கே, எச், ஏடபிள்யூ, யூனு. முதல் நாள் பாதி நேரம் வழி தேடுறதுலயே போகும், அது எல்லாருக்கும் நடக்கிறதுதான், பதற வேண்டாம்.

போறவங்களுக்கு ஒரு விஷயம் முக்கியமாச் சொல்றேன். முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள்ல ஒரே நேரத்துல உரைகள் நடக்குது. ரெண்டு நாள்ல கிட்டத்தட்ட ஆயிரம் உரை. முதல் தடவை போறவங்க செய்யற தப்பு, அட்டவணையை எடுத்து வச்சுக்கிட்டு அரை மணிக்கு ஒரு உரை, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கட்டடத்துலன்னு குறிச்சுக்கறது. நடக்காதுங்க. சின்ன அறைகளை டெவ்ரூம்னு சொல்வாங்க. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒண்ணு, அந்தந்தச் சமூகத்துக்காரங்களே நடத்துறது. அறை நிறைஞ்சதும் கதவுல 'ஃபுல்'னு அட்டை போட்டுடுவாங்க. அதுக்கப்புறம் கெஞ்சினாலும் உள்ளே விட மாட்டாங்க, தீ விபத்துப் பாதுகாப்பு விதி. அதனால காலையிலேயே ஒரு டெவ்ரூம்ல இடம் பிடிச்சு மதியம் வரைக்கும் அங்கேயே இருங்க. இல்லைன்னா ஜான்சன் அரங்கத்துக்குப் போங்க, சுமார் 1400 பேர் உக்காரலாம். எல்லா அறைகளும் நேரலையா ஒளிபரப்பாகுது, பதிவும் பின்னாடி வந்துடும். தவறவிட்டது எதுவும் போயிடாது. நான் ரெண்டு நாள்ல உக்காந்து முழுசாக் கேட்டது நாலே உரைதான், வருத்தம் இல்லை.

வைஃபை கதை ஒண்ணு. அங்கே 'ஃபாஸ்டெம்'னு இருக்கிற பிரதான வைஃபை, ஐபிவி6 மட்டும்தான். 2014-ல இருந்தே அப்படி. பழைய ஐபிவி4 வேணும்னா 'ஃபாஸ்டெம் ஏன்ஷியன்ட்'னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க. பேர்லயே குத்தல் பாருங்க, 'பழங்காலம்'! என்னோட ஒரு ஸ்கிரிப்ட்ல சர்வர் முகவரியைப் பேரா எழுதாம நாலு எண்ணா நேரடியா எழுதி வச்சிருந்தேன். பேரா இருந்தா டிஎன்எஸ் பார்த்து மாத்திக் கொடுத்திருக்கும். எண்ணா இருந்ததால ஓடவே இல்லை. எட்டாயிரம் பேர் நடுவுல வெட்கத்தோட பழங்காலத்துக்கு மாறினேன்.

மதியம் ரெண்டு மணிக்குக் கே கட்டடத்துப் படிக்கட்டுல சந்திக்கிறதாப் பேச்சு. கே கட்டடத்துல பல மென்பொருள் திட்டங்கள்காரங்க மேசை போட்டு உக்காந்திருப்பாங்க. ஸ்டிக்கர், டி-ஷர்ட், டெமோ. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகர் ரங்கநாதன் தெருன்னு வச்சுக்கங்க, ஆனா யாரும் பேரம் பேச மாட்டாங்க. நான் ஒன்றே முக்காலுக்கே போய் நின்னேன். வர்றவங்க ஒவ்வொருத்தரையும் பார்க்கிறேன். என் மனசுல அந்த ஆளுக்கு ஒரு உருவம் இருந்துச்சு. முப்பது வயசு, ஒல்லி, கறுப்பு டி-ஷர்ட். ஏன்னு கேக்காதீங்க.

ஒரு அம்மா வந்து நின்னாங்க. ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். நனைஞ்ச குடை, கையில காகிதக் கூம்புல உருளைக்கிழங்கு வறுவல். என் பேரைச் சரியாச் சொன்னாங்க, தமிழ்ப் பேரைச் சரியா உச்சரிக்கிறதுக்கு வீட்டுல பயிற்சி பண்ணிட்டு வந்தேன்னாங்க. அவங்கதான். போர்த்துகல்ல ஒரு சின்ன ஊர்ல நகராட்சி நூலகத்துக்கு மென்பொருள் பார்த்துக்கறாங்க. பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால சொல்லலை. நூலகம் எந்த நாள் திறந்திருக்கும், எந்த நாள் விடுமுறைங்கிறதை வெளியிட என் நூலகத்தைப் பயன்படுத்தியிருக்காங்க. விடுமுறை நாட்களை விலக்குற பகுதியில பிழை. பூட்டின நூலகத்துக்கு முன்னாடி பெரியவங்க வந்து நின்னுட்டுப் போயிருக்காங்க. அதுல ஆரம்பிச்சதுதான் அந்தப் பேட்ச் எல்லாம்.

படிக்கட்டுல உக்காந்தோம். வறுவலை நீட்டினாங்க. நான் பத்து மாசமா ஏன் பதில் சொல்லலைன்னு சொன்னேன். எக்ஸ்இசட்னு ஒரு வார்த்தை சொன்ன உடனே தலையாட்டினாங்க. "நானும் அன்னைக்கு அதைத்தான் நினைச்சேன், உங்க இடத்துல இருந்தா நானும் கொடுத்திருக்க மாட்டேன்"னாங்க. சொல்லிட்டு, நான் கேக்காமலே பையில இருந்து நூலக ஊழியர் அட்டையை எடுத்துக் கையில கொடுத்தாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. ஆனாலும், உண்மையைச் சொல்றேன், நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டேன்.

அவங்க சிரிச்சாங்க. ஒரு காலத்துல ஃபாஸ்டெம்ல பெரிய சாவிக் கையொப்ப நிகழ்ச்சி நடக்கும், தெரிஞ்சிருக்கலாம். ஆளுக்கு ஒரு கையில பாஸ்போர்ட், ஒரு கையில சாவிகளோட பட்டியல். குளிர்ல நீளமா வரிசை நின்னு ஒருத்தர் ஒருத்தரா நகர்ந்து, "இந்தப் பிஜிபி சாவி இந்த ஆளுடையதுதான்"னு சரிபார்த்துக்குவாங்க. அவங்க அந்த வரிசையில நின்னிருக்காங்களாம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க. "அந்த வரிசையில பாஸ்போர்ட் பார்த்து நாங்க உறுதி பண்ணினது, இவர் இன்னார்ங்கிறதை மட்டும்தான். இப்போ நான் நிஜமான ஆள்னு உங்களுக்குத் தெரிஞ்சாச்சு. நல்ல ஆள்னு எப்படித் தெரியும்?"

பதில் இல்லை என்கிட்ட. வாசல்ல யாரும் பேரு கேக்காத மாநாட்டுல, நான் ஒருத்தர்தான் அடையாள அட்டை பார்த்திருக்கேன், அதுலயும் பிரயோஜனம் இல்லை.

அடுத்து அவங்க கேட்டதுதான் என்னை உலுக்குச்சு. "நாளைக்கு நீங்க ரோட்டைக் கடக்கும்போது ஏதாவது ஆயிட்டா, வெளியீட்டுக் கணக்கோட கடவுச்சொல் யார்கிட்ட இருக்கு?" யார்கிட்டயும் இல்லை. மனைவிக்கு அப்படி ஒரு கணக்கு இருக்குன்னே தெரியாது. பத்து மாசமா நான் அவங்களை ஆபத்துன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த நூலகத்துக்கு அன்னைக்கு இருந்த பெரிய ஆபத்து நான்தான்.

நான் நேரடியாவே சொன்னேன், "மொத்தமா நீங்களே எடுத்துக்கங்க, எனக்குப் போதும்." அதுக்காகத்தான் நான் பிரஸ்ஸல்ஸ் வந்தேன்னு அந்த நொடிதான் எனக்கே புரிஞ்சுது. ஒருத்தரை நம்புறதுக்கு இல்லை, இறக்கி வைக்கிறதுக்கு.

அவங்க முடியாதுன்னுட்டாங்க. "தனியாத் தூக்கி நீங்க இப்படி ஆயிட்டீங்க. அதே மூட்டையை நான் தனியாத் தூக்கவா?"

அப்புறம் ஒரு ஸ்டிக்கர் தாளோட பின்பக்கத்துல எழுத ஆரம்பிச்சோம். மெயின் கிளைக்குள்ள யாரும் தனியா எதையும் சேர்க்க முடியாது, இன்னொருத்தர் பார்த்து ஒப்புதல் கொடுக்கணும், எனக்கும் சேர்த்துத்தான் இந்த விதி. வெளியீடு யாரோட மடிக்கணினியில இருந்தும் போகக் கூடாது. கிட்ல குறிச்ச டேக்ல இருந்து தானியங்கியா உருவாகணும். இது ஏன்னா, எக்ஸ்இசட்ல பின்வாசலைக் கூட்டிச் சேர்த்த ஒரு முக்கியமான துண்டு கிட்ல இல்லவே இல்லை. வெளியீட்டுக்குன்னு தயார் பண்ணின டார்பால் கோப்புல மட்டும்தான் இருந்துச்சு. ரிப்போவை எத்தனை பேர் படிச்சாலும் கண்ணுல பட்டிருக்காது. மீதிப் பகுதி டெஸ்ட் கோப்புகள்ங்கிற பேர்ல பைனரியா ஒளிஞ்சிருந்துச்சு. அதனால எங்க டெஸ்ட் ஃபோல்டர்ல பைனரி எதுவும் கூடாதுன்னு அடுத்த வரி. எங்களுக்கு அது சுலபம், நாட்காட்டிக் கோப்பு எல்லாமே வெறும் எழுத்துதானே.

கடைசி வரியை அவங்க எழுதினாங்க: "பதில் சொல்லத் தாமதமானால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை." இது பாதுகாப்பு விதியான்னு கேட்டேன். "இதுதான் முதல் பாதுகாப்பு விதி"ன்னாங்க. அந்த அதட்டல்களுக்குப் பயந்துதானே மனுஷன் அவசரத்துல சாவியைத் தூக்கிக் கொடுக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்க பெரிசா ஒண்ணும் பண்ணலை. காலையில ஒரு டெவ்ரூம்ல பக்கத்துப் பக்கத்துல உக்காந்து பழைய இஷ்யூக்களை மூடினோம். என்னை 2023-ல அதட்டினவரோட இஷ்யூவும் அதுல இருந்துச்சு. படிச்சுப் பார்த்தா, பிழை நிஜம்தான், அவர் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான். அதைச் சரி பண்ணினது அவங்க, நான் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். புது விதியோட முதல் பேட்ச்.

மாநாடு முடியும்போது தன்னார்வலர்கள் மேசைகளை மடக்கிக்கிட்டிருந்தாங்க. முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துற மாநாடுங்க இது, வந்தவங்களும் துப்புரவுக்குக் கை கொடுக்கலாம். நான் ஒரு குப்பைப் பையைத் தூக்கிக்கிட்டு ஒரு வரிசை முழுக்கக் காபிக் கோப்பை பொறுக்கினேன். அந்த ஒரு மணி நேரம் யாரும் என்கிட்ட எந்தப் பிழையும் சொல்லலை. ரொம்ப நிம்மதியா இருந்துச்சு.

இப்போ எங்க நிலைமை என்னன்னா, நூலகத்தை நான் விடலை. வெளியீட்டுக் கணக்குல ரெண்டு பேர் இருக்கோம், மூணாவது ஆள் வேணும், இன்னும் கிடைக்கலை. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறின அன்னைக்கு வழக்கம் போல நாலு இஷ்யூ வந்துச்சு. மூணுக்கு அவங்க பதில் போட்டிருந்தாங்க. நான் அன்னைக்கு அப்பாகிட்ட வீடியோ கால்ல பேசிக்கிட்டிருந்தேன். இடது கையால டம்ளரைத் தூக்கிக் காமிச்சார்.

நாட்காட்டிக் கணக்குல ஆர்வம் இருக்கிற யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா எனக்கு எழுதுங்க. அடையாள அட்டை கேக்க மாட்டேன். அடுத்த வாரம் பாடத்தோட வர்றேன். வணக்கம்.